டீசல் பிக்கப் வண்டி உண்மையில் எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பிக்கப் வண்டி என்பது ஒரே குடும்பத்துக்கு லோரியாகவும் காராகவும் உழைக்கும் வாகனம். காலையில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் போகும் அதே வண்டி, மாலையில் பிள்ளைகளை டியூஷனுக்குக் கொண்டு போய் விடுகிறது. சனிக்கிழமையானால் ஈப்போவுக்குச் சாமான் வாங்கப் புறப்படுகிறது. ஆகவே புதிதாக ஒன்றை வாங்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, ‘லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?’ என்பதுதான். கேள்வி நியாயமானது; கிடைக்கும் பதில்கள்தாம் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு வண்டிகளில் ஒன்றின் உரிமையாளர் 13 என்பார். மற்றவர் 7 என்பார். கேட்பவர், இருவரில் ஒருவர் கதை அளக்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அந்த எண் வண்டிக்கு மட்டும் சொந்தமானதன்று. வண்டியும், அது ஓடும் பாதையும், சுமக்கும் பாரமும், ஓட்டுபவரின் காலும் சேர்ந்து உண்டாக்குவது அது. எந்தப் பயணத்தில் எடுத்த எண் என்று தெரியாமல் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதால் பயனில்லை.

கையேட்டில் அச்சிட்ட எண்

நிறுவனங்கள் வெளியிடும் சிக்கன எண் ஆய்வுக்கூடத்தில் எடுக்கப்பட்டது. வண்டியின் சக்கரங்களை உருளைகளின் மேல் நிறுத்தி, முன்கூட்டியே வகுத்த அட்டவணைப்படி வேகத்தை ஏற்றியும் இறக்கியும், வெளிவரும் புகையை அளந்து, அதிலிருந்து எரிந்த எண்ணெயைக் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழக்கிலிருந்த என்.இ.டி.சி. என்னும் சோதனை ஏறத்தாழ 20 நிமிடம் நீடித்தது. ஓடும் தொலைவு 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 2017 முதல் அதன் இடத்தைப் பிடித்த டபிள்யு.எல்.டி.பி. சோதனை 30 நிமிடம், 23 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர் என்று கொஞ்சம் கடுமையானது. இரண்டிலும் ஏர்கோன் இயங்குவதில்லை. நம் ஊர் வெயிலில் ஏர்கோன் இல்லாமல் கதவை மூடிக்கொண்டு ஓட்டுபவர் எவர்?

சோதனைக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளியை ஐரோப்பியக் கார்களில் அளந்து பார்த்த ஐ.சி.சி.டி. என்னும் ஆய்வு அமைப்பு, 2001இல் சுமார் 9 விழுக்காடாக இருந்த அந்த வேறுபாடு 2015இல் சுமார் 42 விழுக்காடாக வளர்ந்திருந்ததைக் காட்டியது. கார்கள் அவ்வளவு மோசமாகிவிட்டன என்பதன்று அதன் பொருள். சோதனையில் நல்ல எண் வாங்கும் கலையில் நிறுவனங்கள் தேர்ந்துவிட்டன என்பதே. அந்த ஆய்வு பிக்கப் வண்டிகளைப் பற்றியதன்று என்றாலும், கையேட்டு எண்ணைப் படிக்கும்போது மனத்தில் இருக்கவேண்டிய செய்திதான்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 3,850 கிலோவுக்கு, மேற்பட்ட கனரகப் பிக்கப் வண்டிகளுக்கு அதிகாரபூர்வச் சிக்கன எண்ணை ஒட்டும் கட்டாயம் இல்லை. ஃபோர்ட், ராம், ஷெவர்லே ஆகியவற்றின் ஆறு லிட்டருக்கு மேற்பட்ட டீசல் எஞ்சின் பூட்டிய வண்டிகள் பல இந்த வகையில் வருகின்றன. அதனால் உரிமையாளர்களே எழுதி வைக்கும் கணக்குதான் அங்கே வாங்குபவர்களுக்கு ஆதாரம். அந்த எண்களைப் படித்துவிட்டு நம் ஊர் ஹைலக்ஸோடும் டி-மேக்ஸோடும் ஒப்பிடுபவர்கள் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் ஓடுபவை பெரும்பாலும் 1.9 முதல் 3 லிட்டர் வரையிலான எஞ்சின்கள். அடுத்து, அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். கேலனுக்கு 20 மைல் என்பது முதல் கணக்கில் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர், இரண்டாவதில் 7.1 மட்டுமே. எந்தக் கேலன் என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் ஆறில் ஒரு பங்கு காற்றில் போய்விடும்.

எந்த அளவில் பேசுவது

நாம் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசிப் பழகியவர்கள். வாயால் சொல்வதற்கு அது வசதி. ஆனால் எவ்வளவு பணம் மிச்சமாகும் என்று பார்க்க வேண்டுமானால், 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற அளவே நேர்மையானது. காரணம் எளிது. செம்பனைக் குலை ஏற்றும் ஒரு வண்டி லிட்டருக்கு 6 கிலோமீட்டரிலிருந்து 8க்கு முன்னேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 16.7 லிட்டர் குடித்த அது, இப்போது 12.5 லிட்டர் குடிக்கும்; மிச்சம் 4.2 லிட்டர். நெடுஞ்சாலையில் மட்டும் ஓடும் இன்னொரு வண்டி 12இலிருந்து 14க்கு முன்னேறுகிறது. அதன் செலவு 8.3 லிட்டரிலிருந்து 7.1 லிட்டராகிறது, மிச்சம் 1.2 லிட்டர். இரண்டிலும் கூடியது அதே 2 கிலோமீட்டர். மிச்சமோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகிறது. அதிகம் குடிக்கும் வண்டியில் செய்யும் சிறு திருத்தம், ஏற்கெனவே சிக்கனமாக ஓடும் வண்டியில் செய்யும் பெரிய முயற்சியைவிடக் கூடுதல் பயன் தரும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரிகிறது. வீட்டில் இரண்டு வண்டி இருப்பவர்கள், எதை எந்த வேலைக்கு அனுப்புவது என்று முடிவு செய்யவும் இது உதவும்.

சொந்தக் கணக்கு எடுக்கும் முறை

முறை பழையது: டேங்கை நிரப்புவது, டிரிப் மீட்டரைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது, ஓட்டுவது, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் ஏறியது என்று பார்த்து வகுப்பது. இவ்வளவு எளிதான முறையிலும் பிழை புகும் வாசல்கள் பல உள்ளன. டீசலில் அவை இன்னும் கூடுதல்.

டீசல் நுரைக்கும் தன்மை உடையது. குழாயின் விசையை முழுக்க அழுத்திப் பிடித்து வேகமாக ஊற்றினால், நுரை மேலே எழும்பி, டேங்க் நிறைவதற்கு முன்பே குழாய் ‘டக்’கென்று தானாக நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் நுரை அடங்கி இன்னும் ஒன்றிரண்டு லிட்டர் இறங்க இடம் கிடைக்கும். ஒரு தடவை நுரையோடு நிறுத்தி, அடுத்த தடவை பொறுமையாக ஊற்றினால், அந்த ஒன்றிரண்டு லிட்டரும் கணக்கில் பிழையாகச் சேரும். 20 லிட்டர் மட்டும் ஊற்றும்போது 2 லிட்டர் பிழை என்பது 10 விழுக்காடு. 60 லிட்டர் ஊற்றும்போது அதுவே 3 விழுக்காட்டை ஒட்டித்தான் வரும். எனவே டேங்க் கால் பங்குக்கு இறங்கும் வரை ஓட்டிவிட்டு நிரப்புவது நல்லது. அதே எண்ணெய் நிலையம், அதே பம்ப், மெதுவான ஓட்டம், முதல் தடவை தானாக நின்றவுடன் நிறுத்துவது என்று ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும். அதற்கு மேல் ஐந்து காசு பத்து காசு என்று முழு ரிங்கிட்டுக்காகத் திணித்து ஊற்றும் பழக்கத்தைக் கணக்கு எடுக்கும் காலத்திலாவது விட்டுவிட வேண்டும். ஒரு டேங்க் கணக்கை நம்பக் கூடாது. நான்கைந்து டேங்குகளின் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுத்தால் எண் நிலைக்கு வரும். ரசீதின் பின்புறம் மீட்டர் எண்ணை எழுதி டேஷ்போர்டில் போட்டு வைப்பவர்களும் உண்டு. வெயிலில் அந்த வெப்பத்தாள் ஒரு வாரத்திலேயே கறுத்துப்போய், எத்தனை லிட்டர் என்பதே தெரியாமல் போகும். நோட்டுப் புத்தகமோ கைப்பேசியோ மேல்.

வண்டியின் கணினி திரையில் காட்டும் சராசரி ஒரு மதிப்பீடு மட்டுமே. எண்ணெய் தெளிப்பான்கள் எவ்வளவு நேரம் திறந்திருந்தன என்பதை வைத்து அது கணிக்கிறது. பல வண்டிகளில் அது உண்மையைவிடச் சில விழுக்காடு நல்லதாகவே காட்டும். அதை ஒரு பயணத்தை இன்னொரு பயணத்தோடு ஒப்பிடப் பயன்படுத்தலாம்; பிறருக்குச் சொல்லும் எண்ணாக வைத்துக்கொள்ளக் கூடாது.

தொலைவு மீட்டரும் ஏமாற்றும். ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பரவலாகக் காணப்படும் 265/65 ஆர் 17 அளவு டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். தோற்றத்துக்காக 285/70 ஆர் 17 போட்டால் விட்டம் 831 ஆகிறது. டயர் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 7 விழுக்காடு கூடுதலாக நகர்கிறது. மீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 540 கிலோமீட்டர் காட்ட, 58.2 லிட்டர் ஏறினால், லிட்டருக்கு 9.3 என்று வகுத்து வரும். உண்மையில் ஓடியது 578 கிலோமீட்டர், ஆகவே சரியான எண் 9.9. பெரிய டயர் போட்ட பிறகு ‘வண்டி திடீரென்று எண்ணெய் குடிக்கிறது’ என்று வருந்துபவர்களில் சிலருடைய வருத்தத்தில் பாதி இந்த மீட்டர் பிழைதான். மறுபாதி உண்மையானது: கனமான, முரட்டுப் பல் கொண்ட டயர் உருளுவதற்கே கூடுதல் ஆற்றலைக் கேட்கும். மண் பாதையே இல்லாதவர் அப்படிப்பட்ட டயருக்குப் பணம் கொடுப்பது, வாங்கும்போது ஒரு தடவையும் ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் கொடுக்கும் செலவு என்பது என் எண்ணம்.

எண்ணெய் எங்கே போகிறது

முதலில் டீசலைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. பெட்ரோலில் சுமார் 32. அதோடு டீசல் எஞ்சின் காற்றை மிகக் கூடுதலாக அழுத்தி எரிக்கிறது; பெட்ரோல் எஞ்சினைப் போலக் காற்றுப் பாதையை அடைத்து அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் பாரம் ஏற்றிய வேலையிலும் மெதுவான ஓட்டத்திலும் அது பெட்ரோலை வெல்கிறது. ஆயினும் நல்ல டீசல் எஞ்சினும் எரித்த ஆற்றலில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் சக்கரத்துக்கு அனுப்புவது அரிது. மீதி வெப்பமாகவே போய்விடுகிறது. கீழே வரும் கணக்குகளில் ஒரு லிட்டரிலிருந்து 13.5 மெகாஜூல் வேலை கிடைப்பதாகக் கொள்கிறேன்.

வெறும் பிக்கப் வண்டி ஏறக்குறைய 2 டன் எடை. ஒரு டன் சுமை ஏற்றினால் 3 டன். இந்த எடையை ஓய்விலிருந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர, வெறும் வண்டிக்கு 0.28 மெகாஜூலும் சுமையேற்றிய வண்டிக்கு 0.42 மெகாஜூலும் தேவை. பிரேக்கை மிதித்தவுடன் அந்த ஆற்றல் முழுவதும் பிரேக் தட்டுகளில் சூடாகி ஓடிவிடும். வெறும் வண்டியில் ஏறத்தாழ 50 தடவை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் டீசல் அதற்கென்றே செலவாகிறது. சுமையோடு என்றால் 32 தடவையிலேயே அந்த ஒரு லிட்டர் தீர்ந்துவிடும். சுங்கை சிப்புட்டிலிருந்து செம்மோர் வழியாக ஈப்போவுக்குப் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் சமிக்ஞை விளக்குகளை எண்ணிக்கொண்டே போனால், நிதானமாக ஓட்டியும் ஏன் 10ஐத் தாண்டவில்லை என்பதற்கு விடை கிடைக்கும். முன்னால் சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு காலை எடுத்துவிடுபவர், அருகில் போய் அழுத்தி நிறுத்துபவரைவிடக் குறைவாகச் செலவழிப்பது இதனால்தான். இதற்குத் தனித் திறமை ஏதும் வேண்டியதில்லை, பின்னால் வருபவரின் ஹாரனைப் பொறுத்துக்கொண்டால் போதும்.

ஏற்றம் இன்னொரு செலவு. கோலகங்சாரிலிருந்து ஈப்போவை நோக்கி வரும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா குகைப்பாதைப் பகுதியின் ஏற்ற இறக்கத்தை அறியாத பேராக் வாசி இருக்க முடியாது. கணக்குக்காக 200 மீட்டர் உயரம் என்று கொண்டால், 2 டன் வண்டியை அவ்வளவு தூக்க 3.9 மெகாஜூல், அதாவது 0.3 லிட்டர், 3 டன் வண்டிக்கு 0.44 லிட்டர். சமதரையில் ஆகும் செலவுக்கு மேல் கூடுவது இது. இறக்கத்தில் இதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். கியரில் இருக்கும்போது காலை எடுத்துவிட்டால், இன்றைய டீசல் எஞ்சின்கள் எண்ணெய் தெளிப்பதையே நிறுத்திவிடும். வண்டியின் எடையே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் தள்ளி இறக்கினால் எண்ணெய் மிச்சம் என்று நினைப்பது தவறு. அப்போது எஞ்சின் அணையாமல் இருக்கத் தொடர்ந்து எண்ணெய் எரியும். எஞ்சின் பிரேக்கும் இல்லாமல் பாரம் ஏற்றிய வண்டி கீழே பாயும். மிச்சமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. பிக்கப் வண்டி உயரமானது, அகலமானது, முகம் சப்பையானது. மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் வேகம் கூடுவது 22 விழுக்காடு. காற்றின் தடை கூடுவதோ 49 விழுக்காடு. சக்கரம் உருளும் தடை அப்படிக் கூடாததால் மொத்தச் செலவு அந்த அளவுக்கு ஏறாது. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கு வரை ஏறுவது வழக்கம். 60 கிலோமீட்டர் பயணத்தில் இதற்கு ஈடாகக் கிடைப்பது ஏழு நிமிடம். கூரைமேல் இரும்புச் சட்டம், ரோல் பார், வரிசை விளக்குகள் எல்லாம் இந்தத் தடையைக் கூட்டுபவையே. பின்கதவைத் திறந்து விட்டு ஓட்டினால் காற்று தடையின்றிப் போகும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. பின்கதவு மூடியிருக்கும்போது சாமான் ஏற்றும் தட்டுக்குள் காற்று ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். மேலே வரும் காற்று அந்தச் சுழலின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்து, பெரும்பாலும் பயன் எதுவும் கிடைப்பதில்லை. சாமான் விழும் ஆபத்து மட்டும் மிஞ்சும்.

தோட்டப் பாதைக்கு வருவோம். இறுகிய செம்மண்ணிலும் சரளைக் கல்லிலும் டயர் உருளும் தடை, தார்ச்சாலையில் இருப்பதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மழை பெய்து சேறானால் அதற்கும் மேல். வேகமோ இரண்டாம் கியர், மூன்றாம் கியர். ஃபோர் வீலில் போட்டால் முன்சக்கர இணைப்புகளும் சேர்ந்து சுழலும். சேற்றில் அது தேவை; தோட்டத்தை விட்டுத் தார்ச்சாலைக்கு ஏறியவுடன் எடுத்துவிட வேண்டும். பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலிலேயே ஓட்டினால் எண்ணெய் மட்டுமன்று, திரும்பும்போது முறுக்கேறிக் கியர் பெட்டிகளும் தேயும்.

ஆனால் தோட்டக்காரர்களின் எண்ணை மிகவும் கெடுப்பது பலரும் கணக்கில் சேர்க்காத ஒன்று: நின்றுகொண்டே எரிக்கும் எண்ணெய். ஏர்கோன் ஓட, நின்றபடி இயங்கும் இத்தகைய எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். குலை அறுவடை அதிகமாக இருக்கும் மாதத்தில், ஆலை வாசலில் எடை மேடைக்கு முன்னால் லோரிகளோடு வரிசையில் நிற்கும் ஒரு பிக்கப்பை எண்ணிப் பாருங்கள். ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இருக்கையைச் சாய்த்துக்கொண்டு, பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ஒன்றரை மணி நேரம் காத்திருக்கிறார். அன்று மொத்தம் ஓடியது 30 கிலோமீட்டர். ஓட்டத்துக்கு 3 லிட்டர், காத்திருப்புக்கு 1.5 லிட்டர். ஓடியதை மட்டும் பார்த்தால் லிட்டருக்கு 10. டேங்க் சொல்வதோ 6.7. இந்த வண்டியில் எஞ்சினிலும் டயரிலும் குறை தேடுவது வீண். மர நிழலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, வரிசை நகரும்போது மட்டும் முடுக்கினால் அந்த 6.7 அப்படியே 9ஐத் தாண்டிவிடும்.

டேங்குக்குள் இருக்கும் செம்பனை

நம் எண்ணெய் நிலையங்களில் கிடைக்கும் சாதாரண டீசல் பி10 வகை; அதாவது அதில் 10 விழுக்காடு வரை செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்படும் உயிரி டீசல் கலந்திருக்கிறது. போக்குவரத்துத் துறையில் பி10 நடைமுறைக்கு வந்தது 2019இல். உயிரி டீசலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் சாதாரண டீசலைவிட 8 முதல் 10 விழுக்காடு குறைவு. கலப்பே 10 விழுக்காடு என்பதால் மொத்த வேறுபாடு ஒரு விழுக்காட்டை ஒட்டியே வரும். முழு டேங்க் கணக்கில் இதைப் பிரித்துக் காண இயலாது. யூரோ 5 தரத்தில் பி7 வகையும் விற்கிறார்கள். விலை லிட்டருக்கு 20 காசு கூடுதல். அந்தக் கூடுதல் விலையை மைலேஜ் ஈடுகட்டும் என்று எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். தம் எஞ்சினுக்கு நிறுவனம் எந்த வகையைப் பரிந்துரைக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம். நம் ஊர்த் தோட்டத்துக் குலை ஆலைக்குப் போய், எண்ணெயாகி, கடைசியில் அந்தக் குலையைச் சுமந்த வண்டிக்குள்ளேயே திரும்பி வருகிறது என்பதை நினைக்கையில் ஒரு சிறு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

டேங்கில் கலக்கும் திரவம், எண்ணெய்க் குழாயில் பூட்டும் காந்தம், காற்றுக் குழாயில் செருகும் விசிறி என்று சந்தையில் பல விற்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்து, சிக்கனத்தைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தும் எதையும் காணவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல காற்றழுத்த மானி வாங்கலாம். டயரில் காற்று குறையக் குறைய உருளும் தடை கூடும், அதுவும் பாரம் ஏற்றும் பின் டயர்களில் உடனே தெரியும்.

பணக் கணக்கு

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. சபா, சரவாக், லாபுவான் ஆகிய இடங்களில் பழைய விலையே நீடித்தது. அதற்குப் பிறகு விலை மாறி மாறி வந்தாலும், அந்த நாளில்தான் பிக்கப் உரிமையாளர்கள் பலர் முதன்முதலாகக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள். தகுதி பெற்ற தனியாருக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் புடி மடானி திட்டத்தின் கீழ் மாதம் 200 ரிங்கிட் உதவி அறிவிக்கப்பட்டது. இந்த 200 போதுமா என்ற வாதத்தில் இரு தரப்பும் சரியாகவே பேசினார்கள். விலை ஏற்றம் லிட்டருக்கு 1.20 ரிங்கிட். 200 ரிங்கிட் ஏறத்தாழ 167 லிட்டரின் கூடுதல் விலையை ஈடுகட்டும். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் வண்டி அந்த எண்ணெயில் 1,670 கிலோமீட்டர் ஓடும். தோட்ட வேலையில் 16 லிட்டர் குடிக்கும் வண்டி 1,040 கிலோமீட்டரிலேயே வரம்பைத் தாண்டிவிடும். ஒரே உதவித்தொகை ஒருவருக்கு மிஞ்சியதும் மற்றவருக்குப் பற்றாமல் போனதும் இதனால்தான்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர் இந்தக் கணக்கை முன்வைத்துக் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். லிட்டருக்கு எத்தனை என்று கேட்பதைவிட, மாதம் எத்தனை ரிங்கிட்டுக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, எங்கே ஓட்டுகிறீர்கள், என்ன ஏற்றுகிறீர்கள், டயர் என்ன அளவு என்று கேட்டால், விற்பவர் மிகைப்படுத்த நினைத்தாலும் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுத்துவிடும்.

எண் திடீரென்று விழுந்தால்

சொந்தக் கணக்கு சில மாதங்களுக்கு ஒழுங்காக இருந்தால், அது வண்டியின் நலத்தையும் காட்டத் தொடங்கும். பாதையும் பாரமும் மாறாமல் எண் மட்டும் 15 விழுக்காடு அளவுக்கு விழுந்தால் காரணம் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியவை டயர் காற்றும் பிரேக்கும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் தொடாமல் கையைக் கொண்டுபோனால், பிரேக் இறுகிப்போன சக்கரம் மற்றவற்றைவிடக் கொதிப்பது தெரியும். செம்மண் சேறு காய்ந்து அடைத்துக்கொள்ளும் நம் பாதைகளில் இது அடிக்கடி வரும் கோளாறு. எஞ்சினின் வெப்பம் எப்போதும் வழக்கத்தைவிடக் குறைவாகவே நின்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். குளிர்ந்தே ஓடும் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும். கறும்புகை வந்தால் காற்று வடிகட்டி, டர்போவுக்குச் செல்லும் குழாயில் கீறல், எண்ணெய் தெளிப்பான் என்ற வரிசையில் பட்டறையில் பார்க்கச் சொல்லலாம். புகைக்கரி வடிகட்டி பொருத்திய புதிய வண்டியாக இருந்து, அது வீட்டுக்கும் பசாருக்கும் மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால், சேர்ந்த கரியை எரிக்க எஞ்சின் அடிக்கடி கூடுதல் எண்ணெய் தெளிக்கும். தூரப் பயணம் ஒன்று போய், அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் வடிகட்டி தானாகவே சுத்தமாகி, அடுத்த டேங்கில் எண் பழைய இடத்துக்கு வந்துவிடுவது உண்டு. அப்படியும் வராவிட்டால் தெளிப்பான்களைச் சோதிக்கும் கருவி உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். போகும்போது கணக்கு நோட்டையும் எடுத்துக்கொண்டு போனால், எந்த மாதத்திலிருந்து கோளாறு தொடங்கியது என்பதை மெக்கானிக் ஊகிக்க வேண்டியிருக்காது.